அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று இரவு நீ கைப்பேசியில் அனுப்பிய படங்களை நானும் அப்பாவும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். கோயம்புத்தூர் வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டு முடிந்ததைப் பார்த்ததில் மனம் நிறைந்தது. மேடைக்கு மேலே, அடுப்புக்குப் பின்னால் வரும் சுவரில் ஆத்தங்குடிக் கல், அதாவது நம் ஊர்ப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல், ஒட்ட வேண்டும் என்று ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். இதைப் போனில் பேசினால் பாதியில் பேத்தி அழைப்பாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். சுவரில் ஒருமுறை ஒட்டியதை உடைத்து எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும் என்பதால், நிதானமாக எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் பாட்டி, ஆயா வீட்டில், முற்றத்தைச் சுற்றிய வளவில், வெயில் நேரத்தில் பாய்கூடப் போடாமல் அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாய். பச்சையும் சிவப்புமான அந்தப் பூக்களை விரலால் சுற்றி வரைந்துகொண்டே தூங்கிப் போவாய். அந்த நினைவை உன் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்தக் கல்லை அடுப்புக்குப் பின்னால் மட்டும் வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன வயதில் என்னை ஆத்தங்குடிக்கு அழைத்துப் போய், கல் செய்வதை உன் தாத்தா காட்டியிருக்கிறார். சதுரமான கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவமுள்ள தகட்டு அச்சை இறக்குவார்கள். வண்ணமும் சிமெண்டும் கலந்த குழம்பைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சை அசையாமல் மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டையும் மணலையும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி மட்டம் பார்ப்பார்கள். கொஞ்சம் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்திக் கண்ணாடியை விலக்கினால், கண்ணாடி தொட்டிருந்த முகம் வழுவழுவென்று வந்திருக்கும். இதில் எங்குமே சூளை இல்லை. பீங்கான் ஓட்டின் மேல் உருகிப் படிகிற கண்ணாடிப் பூச்சு இதற்குக் கிடையாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சிமெண்ட்தான். எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும். புளியும் எலுமிச்சையும் பட்டால் அதன் முகம் அரிக்கும்.

தரையில் நூறு ஆண்டு நின்ற கல் சுவரில் நிற்காதா என்று நீ கேட்பாய். தரையில் அதற்கு மெருகு கொடுப்பது நம் கால்கள். தினமும் பெருக்கி, துடைத்து, தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு வழித்து, அதன் மேல் தலைமுறை தலைமுறையாக நடந்ததால்தான் ஆயா வீட்டுத் தரையில் முகம் பார்க்க முடிகிறது. சுவரில் யார் நடக்கப் போகிறார்கள்? செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களே இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல்லைப் போட்டவர்கள், சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த, பூ புடைத்து நிற்கும் பளபளப்பான பீங்கான் ஓடுகளைப் பதித்தார்கள். கை படும் இடத்திலும், தலையைச் சாய்த்து உட்காரும் இடத்திலும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விட வேண்டும் என்பது அவர்கள் கணக்காக இருந்திருக்கும்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று, போன வாரம் வீட்டில் மிச்சம் கிடந்த ஓர் ஆத்தங்குடிக் கல்லையும், வெள்ளைப் பீங்கான் டைல்ஸ் இரண்டை ஒட்டி இடையில் ஒயிட் சிமெண்ட் அடைத்த ஒரு துண்டையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். நல்லெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவினேன். பக்கத்தில் புளிக்கரைசல் ஒரு சொட்டு விட்டேன். இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காலையில் சோப்பு போட்டுக் கழுவினேன். பீங்கானின் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒயிட் சிமெண்ட் கோடு மஞ்சளாகிவிட்டது. ஆத்தங்குடிக் கல்லில் மஞ்சள் வட்டம் அப்படியே நின்றது. இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்ததில் மஞ்சள் வெளுத்துவிட்டது, வெயிலுக்கு மஞ்சள் நிற்காது என்பது துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெய் இறங்கிய கருவட்டம் போகவே இல்லை. புளி பட்ட இடம் மட்டும் சாம்பல் பூத்தது போல மங்கிவிட்டது. உன் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வெயிலும் வராது. தாளிக்கும்போது கடுகு வெடித்து எண்ணெய் தெறிக்கும் அந்த மூன்றடி இடத்தில், ஆறு மாதத்தில் இப்படி எத்தனை வட்டங்கள் வரும் என்று எண்ணிப் பார்.

மேலே சீலர், அதாவது கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு, பூசினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். சீலர் நல்லதுதான், ஆனால் அதை அவ்வப்போது மறுபடியும் பூச வேண்டும். வேலைக்கும் போய்க் குழந்தையையும் பார்க்கும் உனக்கு அதற்கு நேரம் இருக்குமா? இன்னொன்று, எட்டு அங்குலக் கல் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், முக்கால் அங்குலம் தடிமன் உள்ளது. சுவரில் அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், சுவிட்ச் பெட்டிகள் உள்ளே புதைந்துபோகும்.

ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் போகும் வழியில், பேத்தி உட்கார்ந்து விளையாடும் அந்த இடத்தில், தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் போடு. கன்னம் வைத்துப் படுக்க அவளுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

சுவருக்கு என்ன போடலாம் என்றால், பளபளப்பான முகமுள்ள சாதாரணப் பீங்கான் சுவர் டைல்ஸே போதும் என்பது என் முடிவு. மேடைக்குப் போட்ட கிரானைட்டையே சுவரிலும் ஏற்றிவிட்டால் இடையில் வரும் இணைப்புக் கோடுகள் மிகக் குறையும், ஆனால் உன் மேடை கறுப்பு, சுவரும் கறுப்பானால் பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். மார்பிள் பக்கமே போகாதே, அது சுண்ணாம்பு இனம், புளி பட்டால் அரித்துவிடும். பின்புறம் வண்ணம் பூசிய கண்ணாடி நன்றாக இருக்கும், துடைக்க அதைவிட எளிது எதுவுமில்லை. ஆனால் வெப்பத்தைத் தாங்குவதற்காகச் சூடாக்கி உறுதியாக்கிய (டஃபன் செய்த) கண்ணாடியைப் பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது, சுவிட்சுக்கான ஓட்டைகளை எல்லாம் முன்பே அளந்து கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு பிளக் கூடுதலாக வேண்டும் என்றால் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியதுதான்.

டைல்ஸிலும் மேடு பள்ளமாகக் கல் போலத் தெரிகிற வகையை வேண்டாம் என்று சொல், எண்ணெய்ப் பிசுக்கு அந்தப் பள்ளங்களில்தான் குடியிருக்கும். கடைக்காரர் பழக்கூடையும் காப்பிக் கோப்பையும் அச்சிட்ட ஹைலைட்டர் டைல்ஸை எடுத்துக் காட்டுவார். மூன்று வருடத்தில் உனக்கே பார்க்கச் சலித்துவிடும். வெண்சந்தன நிறமோ, இளம் சாம்பலோ, ஆயா வீட்டுத் தரையின் பச்சையில் மிக வெளிறிய ஒரு சாயலோ பார். கடை விளக்கில் முடிவு செய்யாமல், இரண்டு மாதிரிகளை வீட்டுக்கு வாங்கி வந்து, மேடையின் மேல் சாய்த்து வைத்துக் காலையிலும் இரவிலும் பார்த்துவிட்டுச் சொல்.

நிறத்தைவிட நீ அதிகம் யோசிக்க வேண்டியது டைல்ஸுக்கு இடையில் வரும் இணைப்பைத்தான். 2009-இல் நம் சமையலறையைப் புதுப்பித்தபோது, ஓர் அங்குலச் சதுரக் கண்ணாடி மொசைக்கைப் பார்த்து மயங்கி அடுப்புச் சுவர் முழுவதும் ஒட்டச் சொன்னேன். ஒட்டிய அன்று நீலக்கல் போல மின்னியது. ஒரு சதுர அடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள், அத்தனைக்கும் இடையில் வெள்ளைச் சிமெண்ட் கோடு. அடுத்த பொங்கலுக்குள் கோடுகள் எல்லாம் பழுப்பாகிவிட்டன. பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேய்த்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ கல்லூரியில் இருந்தாய். கண்ணாடி இன்றும் புதிதாகத்தான் இருக்கிறது, இடையில் உள்ள கோடுகள்தான் அழுக்கு. அதனால்தான் 12-க்கு 24 அங்குல டைல்ஸை நீளவாக்கில் படுக்க வைத்து, இடைவெளி சமமாக வர இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டுகளை வைத்து ஒட்டச் சொல்கிறேன். இடைவெளியில் சிமெண்ட் வேண்டாம், எபாக்சி என்ற பிசின் கலவையை அடைக்கச் சொல். விலை கூடும். ஆனால் உன் சுவரில் கோடு குறைவு என்பதால் செலவு கைமீறாது. அது வேகமாக இறுகும் பொருள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அடைத்த கையோடு துடைத்துவிட வேண்டும். முகத்தில் படலமாகக் காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம், அன்று நீ பக்கத்தில் இரு. வெள்ளை எபாக்சியில்கூட மஞ்சள் லேசாகப் பிடிக்கும், அதனால் டைல்ஸை விட ஒரு படி அழுத்தமான சாம்பல் நிறம் எடு.

அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 12 அங்குலம் என்று சொன்னாலும் அந்த டைல்ஸ் 30 சென்டிமீட்டர்தான். இரண்டு வரிசை வைத்தால் 60. இரண்டடி என்பதோ கிட்டத்தட்ட 61. மேல் அலமாரியைத் தச்சர் மேடையிலிருந்து சரியாக இரண்டடியில் மாட்டிவிட்டால், மேலே ஒரு சென்டிமீட்டர் சந்து விழும், அதற்கு ஒரு பட்டை அறுத்து ஒட்டினால் பார்க்க விகாரமாக இருக்கும். அலமாரி இன்னும் மாட்டவில்லை அல்லவா? அடிப்பலகையை 60 சென்டிமீட்டரிலேயே நிறுத்தச் சொல். உன் மேடை ஒரு பக்கம் 11 அடி, மறுபக்கம் 7 அடி. இரண்டடி உயரத்துக்கு 36 சதுர அடி, அடுப்புக்கு மேல் சிம்னி வரை இன்னும் ஆறு. மொத்தம் 42. அப்பா கணக்குப் போட்டதில் 22 டைல்ஸ், உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 24 அல்லது 25. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வை, நாளைக்குக் குழாய் வேலைக்கு ஒன்றை உடைக்க நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

பீங்கான் டைல்ஸ் என்றால் தண்ணீரில் ஊறவைத்துச் சிமெண்ட் பாலில் ஒட்டும் பழைய முறையே நிற்கும். கடையில் மனம் மாறி விட்ரிஃபைடு என்ற கெட்டியான டைல்ஸை வாங்கினால், அது தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது, சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று உள்ள டைல்ஸ் பசைதான் வேண்டும். காய்ந்த பிறகு ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் நாலு மூலையிலும் தட்டிப் பார். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே எடுத்து ஒட்டச் சொல். மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எபாக்சிக்குப் பதிலாகச் சிலிகான் போடச் சொல், கிரானைட் லேசாக அசைந்தாலும் அது விரிசல் விடாது, தொட்டிப் பக்கத்துத் தண்ணீர் உள்ளே இறங்காது.

எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை வருகிறார் என்றாய். மிக்சி, கிரைண்டர், அரிசி குக்கர், மாப்பிள்ளையின் காப்பி மெஷின் ஆகிய எல்லாவற்றையும் மேடையில் எங்கே வைப்பாயோ அங்கே அட்டைப்பெட்டிகளை வைத்துப் பார்த்துவிட்டு, பிளக் இருக்கும் இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவை. பெட்டி டைல்ஸின் நடுவிலோ இணைப்பிலோ வரும்படி அமைந்தால் அறுப்பது சுத்தமாக வரும். நான் சோதித்த அந்த ஆத்தங்குடிக் கல்லைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன், சனிக்கிழமை வந்துவிடுவான். கறையை நீயே உன் கையால் ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா