உபயகாரர் பெயர் வாசிக்கும் ஒலிவாங்கியில் இரண்டு நிமிடம் வேண்டும்

இங்கிலாந்திலுள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர் சபையினருக்கும், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் அங்கத்தவர்களில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவை தபாலில் ஒரு பொதி அனுப்புகிறது. குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக, மலத்தில் கொஞ்சம் எடுத்துத் திருப்பி அனுப்பவேண்டிய சிறு குப்பி அது. அதைப் பற்றி உங்கள் கூட்டங்களில் இரண்டு நிமிடம் அறிவிக்கும்படி கேட்கவே இந்தக் கடிதம். அதைத் திருப்பி அனுப்புவதில் இங்கிலாந்திலேயே பின்தங்கி நிற்பது லண்டன். தெற்காசியர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே குறைவாக அனுப்புகிறார்கள் என்பது இந்தப் பரிசோதனைத் திட்டத்தின் முன்னோட்டக் காலத்திலேயே தெரிந்த விஷயம். கமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி அறையில் வேலை செய்யும் தாதி நான். எங்கள் ஆட்கள் சொல்லும் காரணம் எனக்கு மனப்பாடம்: "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே பிள்ளை, பிறகேன் அனுப்புவான்?"

நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்காகத்தான் அந்தக் குப்பியே. மலத்தில் இரத்தம் கண்டவர்கள், காரணமில்லாமல் மெலிகிறவர்கள் குப்பி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மூலவியாதி என்று கைமருந்தும் பார்க்கக் கூடாது. நேரே குடும்ப வைத்தியரான ஜீ.பி.யிடம் போகவேண்டும்.

குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பொலிப்' என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. திரையில் பார்த்தால் சில, காம்போடு நிற்கும் காளான் மாதிரியே இருக்கும். அது புற்றாக மாறப் பத்து வருடம்வரை எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதிலிருந்து கசிவதுண்டு. குப்பி தேடுவது அதைத்தான். இரத்தம் தெரிந்தவர்களை எங்கள் அறைக்கு அழைத்து, பொலிப் இருந்தால் கமராக் குழாய்க்குள்ளால் ஒரு கம்பிச் சுருக்கை விட்டு, காம்பை இறுக்கி, அந்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடுகிறோம். வந்திருக்கக்கூடிய ஒரு புற்றுநோய் அன்றைக்கே வராமற் போகிறது. ஆளுக்கு அது தெரியவும் தெரியாது. தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

இது வெறும் பேச்சில்லை. பேராசிரியர் வெண்டி அற்கின் தலைமையில், இந்த நாட்டில் 55 முதல் 64 வயதுவரையான சுமார் 1,70,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குடலின் கீழ்ப்பகுதியை ஒரே ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க அழைக்கப்பட்டவர்களிடையே குடல் புற்றுநோய் 23 சதவீதமும், அதனால் வந்த மரணம் 31 சதவீதமும் குறைந்தன என்று 2010இல் வெளியிட்டார்கள். அழைத்தும் வராதவர்களையும் சேர்த்த கணக்கு இது. நெதர்லாந்தில் 2014இல் மலப் பரிசோதனையை நாடு தழுவித் தொடங்கியபோது நோயாளர் தொகை முதலில் கூடியது. ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்தால் கூடத்தானே செய்யும்! அடுத்த சில வருடங்களில் அது பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. "சோதிக்கத் தொடங்கின பிறகுதான் கான்சர் கூடிப்போச்சு" என்று வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

பி.பி.சி. செய்தி வாசித்த ஜோர்ஜ் அழகையாவை எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் பிறந்த, எங்கள் ஆள். 2014இல், 58 வயதில், குடல் புற்றுநோய் உடலின் வேறு பாகங்களுக்கும் பரவிய நான்காம் கட்டத்தில் நிற்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஸ்கொட்லாந்தில் அப்போது 50 வயதிலிருந்தே பரிசோதனை. இங்கிலாந்தில் குப்பி வர 60 ஆகவேண்டும். தான் ஸ்கொட்லாந்தில் இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கலாம் என்று 2018இல் அவரே சொன்னார். வயதைக் குறைக்கக் கோரிய இயக்கத்துக்குக் குரலும் கொடுத்தார். 2023இல் காலமானார். அவர் கேட்ட அந்த 50 இப்போது இங்கிலாந்திலும் வந்துவிட்டது. வந்த குப்பி எங்கள் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பழைய கலண்டருக்குப் பின்னால் கிடக்கிறது.

முதற் கட்டத்தில் பிடிபட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். குப்பி எல்லாவற்றையும் பிடிக்காது என்பதையும் மறைக்கவேண்டாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

கோயிலில் மலத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். மூலஸ்தானத்தில் நின்று பேசச் சொல்லவில்லை. அன்னதான வரிசை மண்டபத்தில் நிற்கும்போது, உபயகாரர் பெயர் வாசிக்கும் அதே ஒலிவாங்கியில் பேசலாம். பழைய மாணவர் ஒன்றுகூடலில் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்க முன்னால் பேசலாம். பிறகென்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அறிவித்தலில் இவ்வளவு இருந்தால் போதும். மிளகாய்த்தூள் போட்டு வைக்காத ஒரு வெற்று ஐஸ்கிரீம் பெட்டியில் மலத்தைப் பிடியுங்கள், தண்ணீர் படவிடாதீர்கள். மூடியோடு வரும் குச்சியால் சுரண்டி, குச்சியின் வரிகள் நிறைந்ததும் மூடுங்கள். திகதியை எழுதி, பொதியோடு வரும், முத்திரை தேவைப்படாத உறையில் போட்டு அனுப்புங்கள். நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் மேற்கொண்டு அழைப்பு வரும். அவர்களிலும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இராது. குப்பி தொலைந்திருந்தால் 0800 707 6060க்கு அழைத்து வேறொன்று கேளுங்கள். 75 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் தானாக வராது. அவர்களும் இதே இலக்கத்தில் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
லண்டனில் பணிபுரியும் ஒரு தாதி