தீபாவளியன்று வங்கி பூட்டு, கடை திறப்பு: தொழில் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ தொழில் அமைச்சர் அவர்களுக்கும் கொழும்பின் தனியார் துறை முதலாளிமாருக்கும்,

வணக்கம்.

நம் நாட்டுக் கலண்டர்களில் விடுமுறை நாட்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். ஒன்று பொது விடுமுறைக்கு, ஒன்று வங்கி விடுமுறைக்கு, இன்னொன்று தனியார் துறைக்கான வர்த்தக விடுமுறைக்கு, அதாவது நாம் மேர்க்கன்டைல் லீவு என்று சொல்வதற்கு. தீபாவளிக்கு முதல் இரண்டு குறிகளும் இருக்கும். மூன்றாவது இராது.

அந்த ஒரு குறி இல்லாததால் நடப்பது இதுதான். அரச ஊழியருக்கு லீவு, ஆசிரியருக்கு லீவு, பிள்ளைகளுக்கு லீவு, வங்கி பூட்டு. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் சாமான் ஏற்றுகிறவருக்கும், வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கிற பிள்ளைக்கும் அது வேலை நாள். நான் கணக்கு எழுதுகிற ஆள். தீபாவளியன்று கந்தோரில் இருந்திருக்கிறேன். வங்கி பூட்டியிருப்பதால் காசோலை போட முடியாது, பணம் கட்ட முடியாது, பாதி வேலை ஓடாது. ஆனாலும் மேசையில் இருக்க வேண்டும்.

"கெஷுவல் லீவு போடுங்களேன்" என்பார்கள். ஆண்டுக்கு ஏழு நாள்தான் அந்த லீவு. அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போவதற்கும், பாடசாலைக் கூட்டத்துக்கும், செத்த வீட்டுக்கும் அதே ஏழுதான். தீபாவளியையும் அதற்குள் அடக்க வேண்டும், அதுவும் மனேஜர் சம்மதித்தால்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் துறைக்குக் கிடைப்பவை எட்டு விடுமுறைகள்: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். இவை போக ஒவ்வொரு போயா தினமும், அதாவது பௌர்ணமி நாளும் உண்டு. இந்த நாட்களில் வேலைக்கு வரச் சொன்னால் அதற்கு விலை இருக்கிறது. போயாவுக்கு ஒன்றரை நாள் சம்பளம். எட்டில் ஒன்று என்றால் இரட்டைச் சம்பளம், அல்லது டிசம்பர் 31க்குள் பதில் லீவு. தீபாவளியன்று வேலை செய்தால்? வழக்கமான சம்பளம். சில இடங்களில் ஒரு பெட்டி லட்டு.

தைப்பொங்கல் பட்டியலில் இருக்கிறதே, போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. சிவராத்திரியும் பட்டியலில் இல்லை. முஸ்லிம்களின் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை, கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளியும் இல்லை. ஆக, இது தமிழ் இந்துக்களின் குறை மட்டும் அல்ல. சமூகத்துக்கு ஒரு நாள் என்று யாரோ பங்கு பிரித்து வைத்தது போல இருக்கிறது.

இதே நாட்டின் கல்யாணச் சட்டத்தைப் பாருங்கள். பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. முஸ்லிம்களுக்கு 1951இல் தனிச் சட்டம், கண்டிச் சிங்களவருக்கு 1952இல் இன்னொன்று. கண்டிச் சட்டப்படி செய்யும் கல்யாணம் பதியாவிட்டால் செல்லாது. பொதுச் சட்டத்தில் அப்படி இல்லை. பதிவு சிறந்த சான்று, அவ்வளவுதான். கோயிலில் வழக்கப்படி தாலி கட்டி, ஊரறியக் குடும்பம் நடத்தினால், பதியவில்லை என்பதற்காக மட்டும் அந்தக் கல்யாணத்தை நீதிமன்றம் தள்ளிவிடாது. (பாஸ்போட், விசா என்று போகும்போது பதிவுச் சான்றிதழ் இல்லாமல் படும் பாடு வேறு கதை. தயவுசெய்து பதிந்துவிடுங்கள்.)

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்கிறவர் கட்டிய தாலிக்கு ஒரு மதிப்பு, கடையில் வேலை செய்கிறவர் கட்டிய தாலிக்கு இன்னொரு மதிப்பு என்று சட்டம் பார்ப்பதில்லை. கல்யாணத்தில் நீங்கள் எந்தச் சமூகம் என்று கேட்கும். பண்டிகை என்று வந்தால் மட்டும் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்கிறது.

மற்ற நாடுகளிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம்தான். கனடாவில் நம் சொந்தக்காரர் இல்லாத வீடு கொழும்பில் குறைவு, அவர்களிடமே கேட்கலாம். அங்கே கல்யாணம் செய்துவைக்கும் முறையும் விடுமுறைகளில் பெரும்பகுதியும் மாகாணங்களின் கையில். ரொறன்ரோவில் பெப்ரவரியில் குடும்ப தினம் உண்டு, மொன்றியலில் இல்லை. மொன்றியலில் ஜூன் 24 லீவு, ரொறன்ரோவில் வேலை. கியூபெக்கில் 1981இலிருந்து, கல்யாணம் முடித்த பெண் சட்டப்படி தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்க வேண்டும். பக்கத்து ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. தமிழ்நாடு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் தன் மாநிலத்துக்கு மட்டும் திருத்தி, ஐயர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ செய்யும் சுயமரியாதைக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டது. மலேசியாவில் தீபாவளி சரவாக்கைத் தவிர எல்லா மாநிலங்களிலும் விடுமுறை. தைப்பூசம் பினாங்கு, பேராக், சிலாங்கூர் போன்ற சில மாநிலங்களில் மட்டும்.

இந்த வித்தியாசங்களில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஓர் ஊரில் எது பெரிய நாளோ அது அந்த ஊரின் சட்டத்தில் இருக்கிறது. நம்முடையது ஒரே ஊருக்குள், ஒரே தெருவுக்குள் இருக்கிற வித்தியாசம். செட்டியார் தெருவில் வங்கி பூட்டியிருக்கும், அடுத்த கடை திறந்திருக்கும். சிங்கப்பூரில் இது கிடையாது. அங்கே ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறைகள், அதில் தீபாவளியும் ஒன்று, தனியார் துறைக்கும் அதே பட்டியல்தான். 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசத்தை எடுத்தார்கள், அதை இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் எடுத்தபோது எல்லாருக்கும் எடுத்தார்கள்.

ஏற்கனவே லீவு அதிகம், இன்னும் கேட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிமார் சொல்வீர்கள். ஆண்டுக்கு இருபதுக்கு மேல் விடுமுறை உள்ள நாட்டில் இது நியாயமான கவலைதான். அதனால் தீபாவளிக்கு எல்லாக் கடையையும் பூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தீபாவளி, சிவராத்திரி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பெரிய வெள்ளி ஆகிய ஐந்தில் ஒன்றை ஒவ்வொரு ஊழியரும் ஆண்டுத் தொடக்கத்தில் தெரிவுசெய்யட்டும். அந்த நாள் சம்பளத்தோடு லீவு, கெஷுவல் லீவில் கழிக்கக் கூடாது, வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். கடை திறந்தே இருக்கும், ஏனென்றால் எல்லாரும் ஒரே நாளில் போகமாட்டார்கள். கலிபோர்னியா 2025இல் தீபாவளியை மாநில விடுமுறைகளில் சேர்த்தபோதும், விரும்புகிற அரச ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்ற மாதிரித்தான் செய்தது.

முடியாத காரியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையே அல்ல. போயாவை வைத்து வாரத்தையே மாற்றினார்கள், அப்புறம் சரிவரவில்லை என்று திருப்பினார்கள். நான் கேட்பது ஆளுக்கு ஒரு நாள்.

அந்த ஒரு நாளும் போதாதவர்கள் இருக்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிற மலையகப் பொடியன்களுக்கு, ஊருக்குப் போய்வரவே ஒரு நாள் போய்விடும். ஹட்டனுக்கோ பதுளைக்கோ இரவு பஸ் பிடித்து, காலையில் அம்மா சுட்ட பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கூடுதலாக ஒரு நாளை வருடாந்த லீவிலிருந்து மறுக்காமல் கொடுங்கள். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் முதலாளிமாருக்கும்தான் சொல்கிறேன். தீபாவளி வியாபாரத்தில் நல்ல லாபம் பார்ப்பவர்களும், அன்று காலையிலேயே பொடியனைக் கடைக்கு வரச் சொல்பவர்களும் சில இடங்களில் ஒரே ஆட்கள்.

அமைச்சர் அவர்களே, அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் வர்த்தமானியில் வருவதற்கு முன் தொழிற்சங்கங்களையும் முதலாளிமார் தரப்பையும் ஒரு மேசையில் கூப்பிட்டு இதைப் பேசுங்கள். பேசியபின் மறுப்பதாக இருந்தால், காரணத்தைத் தமிழிலும் எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கொழும்புக் கந்தோர் ஒன்றில் கணக்கு எழுதும் ஓர் ஊழியர்