மனம் அலைந்தாலும் அது தியானமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தியானம் நல்லது என்று இதழ்கள் தொடர்ந்து எழுதி வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அக்கட்டுரைகளில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘கண்களை மூடி, எண்ணங்களை நிறுத்தி, மனத்தை வெறுமையாக்குங்கள்’ என்பதாகவே இருக்கிறது. இந்த ஒரு வரியை நம்பி உட்கார்ந்து, அது இயலாமற்போய், முதல் சில நாள்களிலேயே கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கைவிட்டவள்தான்.

அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். பணியின் கடைசி ஆண்டுகளில் பொதுத்தேர்வு நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குப் பிறகு உறக்கம் கிடையாது. இதயத்தில் கோளாறு எதுவுமில்லை, பதற்றம்தான் காரணம் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். எண்ணமே எழாத நிலையை அடைய வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கோ, கண்ணை மூடியதும் திருத்தாத விடைத்தாள்கள், மகளின் கல்லூரிக் கட்டணம், அடுப்பில் வைத்த பால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இதுகூட நமக்கு வரவில்லையே என்ற புதிய கவலையும் சேர்ந்துகொள்ள, பத்தாம் நாளோடு நின்றுவிட்டேன்.

ஈராண்டுகளுக்குப் பிறகு எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தான் எனக்கு வழி காட்டினார். “மனசு ஓடினா ஓடட்டும் டீச்சர். ஓடிடுச்சுன்னு தெரிஞ்சதும் மூச்சுக்குத் திரும்பி வாங்க. அந்தத் திரும்பி வர்றதுதான் பயிற்சி” என்றார். பத்து நிமிடத்தில் மனம் ஐம்பது முறை அலைந்து ஐம்பது முறை திரும்பினால், ஐம்பது முறை பயிற்சி செய்ததாகவே பொருள் என்று அவர் விளக்கியபோது, அத்தனை நாளும் நான் தோல்வி என்று எண்ணியிருந்தது எதுவோ அதுவே தியானத்தின் வேலை என்பது புரிந்தது.

அவர் கற்றுத்தந்தது எளிமையானது. முட்டி வலி உள்ளவர்கள் சம்மணமிட வேண்டியதில்லை. பாதங்கள் தரையில் படும்படி நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். மூச்சை அடக்காமல், வெளிமூச்சை மட்டும் சற்று நிதானமாக விட்டு, ஒரு வெளிமூச்சுக்கு ஒன்று என ஒன்று முதல் பத்து வரை எண்ணி, எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிவது உடலின் இயல்பு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதற்றம் மிகுந்த சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டுவதுபோன்ற அச்சத்தைத் தரும். அவர்கள் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு பாதம் தரையைத் தொடும் உணர்வையோ வெளியே கேட்கும் ஒலிகளையோ கவனிக்கலாம். மொட்டைமாடியில் மெல்ல நடந்தபடியும் பழகலாம். இந்த மாற்றுவழி உண்டு என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

பதற்ற நோய்கள் உள்ள 276 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி, எஸ்சிடாலோபிராம் என்ற மருந்துக்குக் குறையாத பயனைத் தந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு வாரந்தோறும் பயிற்சியாளர் நடத்திய வகுப்பும், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சியும் இருந்தன. நம்மைப் போன்றவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். ஆனால், நான்கே நாளில் பலனை எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு இரண்டாம் மாதத்தில்தான் உறக்கம் சீரானது.

ஆர்வ மிகுதியால் சிலர் எடுத்த எடுப்பிலேயே பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பேசாமல், நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் தியானத்தில் அமரும் கடுமையான பயிற்சி அது. விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே எதையும் மறைக்காமல் எழுதுவதும், பதற்றம் கடுமையாக இருப்பவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

எனவே, தியானம் பற்றித் தாங்கள் இனி வெளியிடும் கட்டுரைகளில், மனம் அலைவது இயல்பே என்பதை முதல் பத்தியிலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். அதோடு, கட்டணமின்றித் தமிழிலும் பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐயும் கட்டுரையின் கீழே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.