பாறை ஓணானுக்கும் குன்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பம், வேப்பனப்பள்ளி, பேர்ணாம்பட்டு எனத் தமிழக-ஆந்திர எல்லை நெடுகிலும் உள்ள கருங்கல் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்படும்போது, தூசியையும் வெடிச் சத்தத்தையும் வற்றும் கிணறுகளையும் பற்றியே நாம் பேசுகிறோம். அந்தக் கவலைகள் நியாயமானவைதாம்; ஆனால் அப்பாறைகளை விட்டால் போக்கிடம் அரிதான பாறை ஓணானைப் பற்றிப் பேச எவரும் இல்லை.

கோடை மாதங்களில் முற்பகல் வெயிலில் இக்குன்றுகளில் ஏறினால், இருப்பதிலேயே உயரமான கல்லின் மேல் ஆண் ஓணான் தலையைத் தூக்கி அமர்ந்திருப்பதைக் காணலாம். வேறோர் ஆண் நெருங்கினால் சில நொடிகளில் அதன் முதுகு மஞ்சளாகவும் விலா செம்மஞ்சளாகவும் மாறுகின்றன. பெண்ணைக் கண்டாலோ முதுகு சிவந்து, விலா கறுத்துவிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இதை முறையாகப் பதிவு செய்துள்ளனர். பழுப்பு நிறப் பெண்ணோ, கல்லோடு ஒட்டிக் கிடந்தால் அருகில் நிற்பவர் கண்ணுக்கும் எளிதில் தென்படாது. தன்னைக் காட்டிக்கொள்ள உயர்ந்த கல், வல்லூறின் நிழல் விழுந்ததும் தட்டையான உடலை நுழைத்துக்கொள்ள விரிசல், முட்டையிட்டு மூட மண், இரைக்கு எறும்பும் பூச்சியும் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் இவ்வோணானுக்கு வேண்டும். வாளால் அறுத்ததுபோல் வழவழப்பாக விடப்படும் குவாரிச் சுவரில் இவற்றில் எதுவுமே இல்லை.

ஊருக்குள் கல்கட்டுகளிலும் மதில்களிலும்கூட இது வாழ்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் நகர்ப்புறத்தில் வாழும் ஆண்களின் நிறம் கிராமப்புறத்தவற்றைவிட மங்கியிருப்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மேலும், ஓணானைக் கண்டாலே கல்லெடுக்கும் சிறுவர் பழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் ஒழியவில்லை.

'குப்பம் கிரீன்' என்று எங்கள் ஊர்ப் பெயராலேயே விற்பனையாகும் கல்லை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. எனவே குவாரியே கூடாது என்று நான் எழுதவில்லை. புறம்போக்குக் குன்றுகளை ஏலம் விடுமுன், இவ்வோணான்கள் வெளிப்படையாக நடமாடும் கோடையில் ஒருமுறையாவது அங்கு வாழும் உயிரினங்களைக் கணக்கெடுக்க வேண்டும். விரிசலும் உருண்டைக் கற்களும் மிகுந்த உச்சிப் பகுதியையும் சில குன்றுகளை முழுமையாகவும் குத்தகையிலிருந்து விலக்க வேண்டும். எல்லைக்கோடு பல இடங்களில் குன்றுகளின் மீதே செல்வதால், இரு மாநில அதிகாரிகளும் இதைக் கலந்து பேசி முடிவு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குப்பம், சித்தூர் மாவட்டம்.