தண்ணீருக்குத் தாங்கிய படலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சொல்வதற்கு ஒரு நல்ல சேதி கையில் வரட்டும் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். வந்துவிட்டது. பாலித்தீன் தாளின் மேல் பிளாஸ்மாவால், அதாவது மின்சாரத்தால் அயனியாக்கிய வாயுவால், நாங்கள் படியவைத்த அக்ரிலிக் ஆசிட் படலம், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியும் தாளை விட்டுப் போகவில்லை.

இதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்குப் புரியும். நாம் இரண்டு பேரும் வெற்றிடத்தில் பிளாஸ்மா உண்டாக்கி, வாக்குவம் பம்பின் இரைச்சலில் தொழில் கற்றவர்கள். எங்கோ ஒரு ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் அன்றைய பொழுது போச்சு. இங்கே பம்பே கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள், இரண்டையும் மூடிய கண்ணாடி, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் ஹீலியத்தோடு கொஞ்சம் அக்ரிலிக் ஆசிட் ஆவியை (அதுதான் மோனோமர், படலமாகக் கோர்க்கப்படும் சிறு மூலக்கூறு) ஓடவிட்டு, சில கிலோவோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுக்கிறோம். 1857-இல் சீமன்ஸ் ஓசோனுக்காகச் செய்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான். கண்ணாடி குறுக்கே நிற்பதால் மின்னோட்டம் எகிறி வெல்டிங் பொறியாக மாறாது. எலெக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரி சூட்டில் திரியும். வாயு ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே இருக்கும். தாள் சுருங்குவதுகூட இல்லை.

காற்றிலேயே செய்தால் என்ன, ஹீலியம் எதற்கு என்று கேட்டிருந்தாய். மின்னோட்டத்தை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் திரையைப் பார்த்தால் பதில் தெரியும். சுத்தமான ஹீலியத்தில் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் மின்னோட்டம் ஒரே ஒரு அகன்ற மேடாக வரும். கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், அந்த மேடு உடைந்து முள்ளுமுள்ளாக எழும். ஒவ்வொரு முள்ளும் சில பத்து நானோநொடியே வாழும் ஒரு மெல்லிய மின்னிழை. இழை அடிக்கும் இடத்தில் படலம் ஒரு மாதிரி, பக்கத்தில் வேறு மாதிரி. வளிமண்டல அழுத்தத்திலும் சீராக ஒளிரும் பிளாஸ்மா கிடைக்கும் என்று ஜப்பானில் ஒகாசாகி குழுவினர் 1988-இல் காட்டியதே ஹீலியத்தை வைத்துத்தான். அதோடு, காற்றின் ஆக்சிஜன் நமக்கு வேண்டிய கரிமப் பகுதியைத் தின்றுவிடும். சிலிக்கா மாதிரி கடினப் பூச்சு வேண்டுமென்றால் அதுவே உதவி. எனக்கு வேண்டியது கார்பாக்சில் தொகுதிகள் (அக்ரிலிக் ஆசிடின் அமிலப் பகுதி, COOH) உயிரோடு நிற்பது. ஹீலியம் திரும்பக் கிடைக்காத வளம் என்பது மனதை உறுத்துகிறது. அடுத்து நைட்ரஜனில் முயல வேண்டும்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். முதலில் பொடி. தாளை எடுத்தால் மேலே வெள்ளையாக மாவு தூவியதுபோல இருக்கும், விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். இந்த அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு அடுத்ததன்மேல் மோதாமல் போகும் தூரம் மிகக் குறைவு, காற்றில் என்றால் 70 நானோமீட்டர் அளவுதான். மோனோமர் அதிகமானால், உடைந்த துண்டுகள் தாளுக்கு வந்து சேருமுன் வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து துகளாகிவிடும். மோனோமரைக் குறைத்து வாயு ஓட்டத்தைக் கூட்டினோம், பொடி நின்றது.

அப்புறம்தான் நிஜமான போராட்டம். சக்தியைக் குறைத்தால் அகச்சிவப்பு நிறமாலையில் 1700 cm⁻¹-ஐ ஒட்டி, அமிலத் தொகுதியில் உள்ள C=O பிணைப்பைக் காட்டும் கார்பானைல் உச்சி அழகாக எழும். தண்ணீரில் போட்டால் படலம் கரைந்து அந்த உச்சியே காணாமல் போகும். சக்தியைக் கூட்டினால் படலம் பிணைப்பு இறுகி அசையாமல் நிற்கும். ஆனால் தொகுதிகள் சிதைந்துபோகும். ஒரு மூலக்கூறுக்கு எத்தனை ஆற்றல் போகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பிளாஸ்மா பாலிமர் ஆய்வாளர் யசுதா சொன்னதை அன்று தேர்வுக்காகப் படித்தோம். இப்போது அதன் இரண்டு பக்கமும் அடி வாங்கிய பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உணர்கிறேன்.

வழி கிடைத்தது, பிளாஸ்மாவை விட்டுவிட்டு எரியவைக்கும் துடிப்பு முறையில். 10 மில்லிநொடி பிளாஸ்மா, 40 மில்லிநொடி ஓய்வு. எரியும் நேரத்தில் தீவிர உறுப்புகள் (எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பிறந்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பும் கொஞ்சம் ஏற்படுகிறது. ஓய்வு நேரத்தில் மோனோமர் அடி வாங்காமல் அவற்றோடு சேர்ந்து வளர்கிறது என்பது என் கணிப்பு. ஊறவைத்த மறுநாள் காலை தாளை எடுத்து உலர்த்தி நிறமாலை எடுத்தோம். கார்பானைல் உச்சி சற்றுத் தணிந்திருந்தது, ஆனால் இருந்தது. என்னோடு வேலை செய்யும் மாணவி இரண்டாம் முறையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

இந்தக் கடிதத்தோடு மூன்று சிலிக்கான் துண்டுகள் அனுப்புகிறேன், மூன்றும் ஒரே ஓட்டத்தில் படியவைத்தவை. ஒளியால் தடிமன் அளக்கும் உன் எலிப்சோமீட்டரில் பார்த்துச் சொல். எங்கள் கணக்கில் 60 நானோமீட்டர் வருகிறது, வேறொரு கண் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. 'இ' என்று குறித்த துண்டை மட்டும் அளந்தபின் மேசை இழுப்பறையில் சும்மா வைத்திரு. ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், இவை நாளாக நாளாகக் காற்றோடு என்ன செய்கின்றன என்று பார்க்க.

கண் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா எப்படி இருக்கிறார்கள்? அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பரிசோதனைச்சாலைக் கூட்டாளி