கருமுகத்தார் ஐம்பது பேர்

அன்பு மகள் கயலுக்கு,

கொடும்பாளூர் மூவர் கோயில் படத்துக்கு நீ எழுதிய பின்னணிக் குரலை ரெண்டு தரம் படித்தேன்மா. "மண்டையோட்டில் உண்டு, பிணச் சாம்பல் பூசித் திரிந்த காளாமுகர்" என்று அந்தப் பழைய சைவத் துறவிகளைப் பற்றி எழுதின வரியைத் தாண்ட மனசு வரவில்லை.

உன்னை என்ன சொல்ல? வருஷக்கணக்காக நானும் வகுப்பில் அதையேதான் சொன்னேன். தூங்குகிற பையன்கூட மண்டையோடு என்றால் நிமிர்ந்து உட்காருவான்!

அந்தச் செய்தி யார் வாய்ப்பட்டு வந்தது என்று பார். வைணவ ஆசாரியர்கள் யாமுனரும் ராமானுஜரும், காளாமுகரையும் சேர்த்துப் பாசுபதம் என்ற சைவ மதத்தை மறுக்கிற இடத்தில் சொன்னது. மண்டையோடு, சாம்பல், கள் குடம் எல்லாம் ராமானுஜர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்திலேயே வருகிறது. வழக்கில் எதிர்த்தரப்பு சொன்னதை நாம் தீர்ப்பாகவே எழுதி வைத்துவிட்டோம்.

நீ படம் பிடித்த கோயில் சுவரிலேயே வேறு சாட்சி இருக்கிறது. நடு விமானத்தில் கிரந்த எழுத்தில் வெட்டிய கல்வெட்டு. கொடும்பாளூர்த் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பேரிலும் மூன்று விமானம் எடுத்தான். மதுரை மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் கொடுத்தான். அங்கே 50 துறவிகள் சாப்பிட 11 ஊர்களை விட்டான். அவர்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'அசிதவக்த்ரர்', அதாவது கருமுகத்தார். மண்டையோட்டுப் பேச்சே இல்லை.

கர்நாடகத்துப் பள்ளிகாவியில் அவர்களுடைய கோடிய மடம் இருந்தது. 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே நாலு வேதமும் இலக்கணமும் யோகமும் படித்ததைச் சொல்கிறது. குருடர், செவிடர், முடவருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து.

அதற்காக ஒரேயடியாகத் தூக்கிவைத்தும் எழுதாதே. தானக் கல்வெட்டு குறை சொல்லாது. மண்டையோடு ஏந்திய காபாலிகர் வேறு சைவக் கூட்டம், அவர்களை இதில் இழுக்காதே. (அவர்களைப் பற்றியும் மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தைக் காட்டுவார்கள். அது சிரிக்க வைக்க எழுதிய நாடகம்.)

அந்த வரியை எடுக்க வேண்டாம். "எதிர்த்து வாதிட்டவர்கள் இப்படிச் சொன்னார்கள்" என்று முன்னால் சேர், பின்னாலேயே சுவரைக் காட்டு.

சுவரை மட்டும் மறுபடி எடுக்கணும். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறாய், ஒரு எழுத்தும் துலங்கவில்லை. வெயில் சாய்ந்து விழுகிற நேரமாகப் போ. சொன்னால் நானும் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா