சின்னவன் கதை கிடைத்தது, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் சின்னவன் எழுதின கதையும் வந்து சேர்ந்தன. அத்தான் கிழித்துப் போட்ட தாள்களை நீ பொறுக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் கிழிசலில் போய்விட்டது, அதை அவனிடம் கேட்டு எழுது.

நான் நன்றாக இருக்கிறேன். கிளாஸ்கோவில் குளிர்தான், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. கடுகு தாளித்தால் போதும், புகை அலாரம் அலறும், உடனே எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியால் கதவைத் தட்டுவார். திட்டுவதற்கு இல்லை, கையில் கிண்ணம் இருக்கும், ரசத்துக்கு. மிளகு தூக்கலாக இருக்கணும் அவருக்கு. அவரோடு வாழ்ந்த மனிதர் இப்போது இல்லை. இரண்டு பேரும் மாப்பிள்ளைக் கோட்டோடு நிற்கிற படம் சுவரில் இருக்கிறது. 1980இல் சட்டத்தை மாற்றுகிற வரைக்கும் ஸ்காட்லாந்திலும் இது குற்றம்தான் அக்கா, கல்யாணத்துக்குச் சட்டம் வந்தது 2014இல். சின்னவன் கதையை அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன், முடித்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

என்ன அழகான கதை! புனலூர்ப் பையனுக்கு அவன் தாத்தா விஷமிறக்கும் மந்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஆனால் மனசுக்குப் பிடித்த ஆளிடம் அதை வாய்விட்டுச் சொன்னால் மந்திரம் நாக்கை விட்டுப் போய்விடும். செங்கோட்டைப் பையனை அச்சன்கோவில் காட்டில் நல்லபாம்பு கடிக்கிறது. இவன் விடிய விடிய மந்திரித்து, அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் சிவப்பு திரும்புகிறதா என்று விரல் விரலாக அழுத்திப் பார்க்கிறான். அப்புறம் ரயிலில், ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைந்த இருட்டில், உன்னைப் பிடிச்சிருக்கு என்று சொல்லிவிடுகிறான். வெளிச்சம் வரும்போது மந்திரத்தில் ஓர் எழுத்துகூட நினைவில் இல்லை, அவன் சிரிக்கிறான். இரண்டு பேருக்கும் பதினேழு வயசு, கை கோத்ததோடு சரி. இதில் கிழிக்க என்ன இருக்கிறது? அச்சன்கோவில் சாஸ்தா கைச் சந்தனம் விஷத்தை முறிக்கும் என்று ஆச்சி சொன்ன கதைகள்தான் அவனுக்குள் இப்படி வளர்ந்திருக்கின்றன. (நிஜத்தில் பாம்பு கடித்தால் நேரே தென்காசி பெரியாஸ்பத்திரிதான், அதையும் சொல்லி வை.)

செய்வினையா, மலையாள மந்திரவாதியிடம் கூட்டிப்போகவா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். மாற்றித்தருகிறேன் என்று சொல்கிற டாக்டரும் வேண்டாம், 2021இல் சென்னை உயர்நீதிமன்றமே அதைத் தடுத்துவிட்டது. குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லியாயிற்று. கோர்ட் சொன்னால் அத்தான் கேட்கமாட்டார், சாமிக்காவது கேட்பார். வருஷா வருஷம் மாலை போடுகிறாரே, அந்த ஐயப்பன் அரிக்கும் அரனுக்கும் பிறந்த பிள்ளைதானே? அவர் சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும்போது மெல்லப் பேசு. பையனை அடிக்கவிடாதே.

பகவதிபுரத்தில் ஜன்னலில் அடிக்கிற ஈரக்காற்றைச் சின்னவன் எழுதியிருக்கிறான். அந்த இடத்தில் தாளை மூடி வைத்துவிட்டேன். சாரல் நாளில் பிரானூர் பார்டரில் சால்னா ஊற்றின பரோட்டா, அடுக்களைக் கொடியில் அம்மா போட்ட துணி காயாமல் கிடக்கிற வாடை, எல்லாம் வேண்டும் போலிருக்கிறது அக்கா, இப்போதே வேண்டும். டிக்கெட்கூடப் பார்த்தேன். லீவு கிடைக்காது, சித்திரைக்கு மேல் பார்க்கலாம்.

சரி, வீட்டு விஷயம். அம்மாவின் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இந்த மாசப் பணம் கொஞ்சம் தாமதமாகும், வேலையில் சம்பளத் தேதியை மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை, அதற்காக உன் வளையலை அடகு வைத்துவிடாதே. பெரியப்பா பிள்ளைகள் கேட்கிற கிணற்றுப் பக்கத்தைக் கொடுத்துவிடலாம், ஆனால் நமக்கு நடைபாதை உண்டு என்று பத்திரத்தில் எழுதாமல் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதே. எனக்குப் பெண் பார்க்கிற பேச்சைத் தரகரிடம் இத்தோடு நிறுத்தச் சொல், காரணத்தை வரும்போது உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சின்னவனுக்கு நல்ல கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கிக்கொடு. பவர் எழுதணும் என்றால் நான் எடின்பரோவில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகணும், அதனால் பத்திர நகலை முன்கூட்டியே அனுப்பிவிடு.

உன் தம்பி